75 விழுக்காடு புரதம்: 2007 இல் ஒரு தீவனச் சரக்கு கடல் கடந்த கதை

தீவன மூலப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஈரப்பதம், பூஞ்சணம், வண்டு, கன்டெய்னர் கூரை வியர்த்துச் சொட்டும் நீர், துறைமுகத்தில் நாள்கணக்கில் கிடப்பது என்று மூச்சு விடாமல் அடுக்குவார்கள். எல்லாம் நியாயமான பயங்கள்தான். ஆனால் இந்தத் தொழிலை உலுக்கிய பெரிய வழக்குகளில் ஒன்றில் இவற்றைப் பற்றிய பேச்சே எழவில்லை. சரக்கு வந்து சேர்ந்தது, புரத அளவு ஒப்பந்தத்தில் கேட்டபடியே இருந்தது, வாங்கியவர் பணத்தைக் கொடுத்தார். அதன் பிறகுதான் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து சாகத் தொடங்கின.

2006 நவம்பர் முதல் 2007 பிப்ரவரி வரை, சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் உள்ள ஷூஜோவ் அன்யிங் என்ற நிறுவனத்தின் கோதுமை குளூட்டன், குறைந்தது 13 தவணைகளில் அமெரிக்காவுக்குப் போனது. மொத்தம் 800 டன்னுக்கு மேல். பில் மதிப்பு ஏறத்தாழ 8,50,000 டாலர். வாங்கியது லாஸ் வேகஸில் இருந்த கெம்நியூட்ரா என்ற இறக்குமதி நிறுவனம். அது செல்லப்பிராணி உணவு தயாரிப்பவர்களுக்கு விற்றது. அவர்களில் முக்கியமானவர் கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு ஃபுட்ஸ். மெனு ஃபுட்ஸ் தன் பெயரில் விற்றதைவிட மற்றவர்களின் பெயரில் தயாரித்துக் கொடுத்ததுதான் அதிகம். ஒரே ஆலையில், ஒரே கலவையில் உருவான உணவு, விலை உயர்ந்த பிராண்டாகவும் மலிவான கடைச் சரக்காகவும் வெவ்வேறு உறைகளில் வெளியே வந்தது.

குளூட்டன் என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். பரோட்டா மாவைப் பிசைந்து இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்கிறதே, அந்த இழுவை குளூட்டனால் வருவது. மைதாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி மாவுச்சத்தைக் கரைத்துவிட்டால் கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற உருண்டை அதுதான். குழம்போடு துண்டுகள் மிதக்கும் ஈரப்பத உணவுகளில், துண்டுகள் உதிராமல் இருக்கவும் குழம்பு கெட்டியாகவும் அதைச் சேர்ப்பார்கள். புரதக் கணக்கும் அதனால் ஏறும்.

2007 பிப்ரவரி 20 அன்று மெனு ஃபுட்ஸுக்கு முதல் புகார் வந்தது. அதன் சொந்தச் சுவைச் சோதனையில் அந்த உணவைத் தின்ற பூனைகளும் செத்தன. மார்ச் 16 அன்று 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 90க்கும் மேற்பட்ட பிராண்டுகள்.

காரணம் எது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் மெனு ஃபுட்ஸ் ஒன்றைக் கவனித்திருந்தது: புகார்கள் தொடங்கிய காலமும், குளூட்டனுக்குப் புதிய சப்ளையரிடம் மாறிய காலமும் பொருந்தின. இந்த வழக்கில் எந்த ஆய்வகக் கருவியும் தராத முதல் துப்பைக் கொடுத்தது கொள்முதல் பதிவேடுதான். எந்தத் தேதியில், எந்த லாட் (ஒரே தொகுதியாக வந்த சரக்கு), எந்தக் கலவையில் போனது என்று எழுதி வைக்காத ஆலையாக இருந்திருந்தால், திரும்பப் பெற வேண்டிய சரக்கு எது என்றே தெரிந்திருக்காது.

ஆய்வகங்கள் முதலில் தடுமாறின. மார்ச் 23 அன்று நியூயார்க் மாநில ஆய்வகம் அமினோப்டெரின் என்ற எலி நஞ்சைக் கண்டதாக அறிவித்தது. மற்ற ஆய்வகங்கள் அதை உறுதி செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து, மார்ச் 30 அன்று, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மெலமின் என்ற பெயரைச் சொன்னது. தட்டு, மேசைப் பலகை, பசை செய்யப் பயன்படும் பொருள். குளூட்டனில் 6.6 விழுக்காடு வரை இருந்தது. வழக்கமான தீவனச் சோதனைகளில் அதுவரை மெலமினைத் தேடுவதில்லை. தேடாத பொருள் எந்தச் சோதனை அறிக்கையிலும் வராது.

எண்ணை வாங்கியவர்கள்

மெலமின் ஏன் அங்கே இருந்தது என்பதற்கான விடை 1883 இல் இருக்கிறது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால், தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அறிய ஒரு வழி கண்டார். புரதத்தை அவர் அளக்கவில்லை; நைட்ரஜனை அளந்தார். புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், கிடைத்த எண்ணை 6.25 ஆல் பெருக்கினால் புரதம். இன்றும் உலகம் முழுக்கத் தீவனச் சரக்கு இந்தக் கணக்கில்தான் விலைபேசப்படுகிறது. கெல்டாலுக்கும் முந்தையது, ஆனால் பின்னாளில் தானியங்கிக் கருவியாகிப் பரவிய டூமா முறை வேகமானது, அமிலம் வேண்டாதது. அதுவும் அளப்பது நைட்ரஜனைத்தான்.

மெலமினில் எடைக்கு 66.6 விழுக்காடு நைட்ரஜன். 6.25 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 416. அதாவது ஒரு கிலோ மெலமின், சோதனைத் தாளில் நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட புரதமாக வேடம் போடும். 70 விழுக்காடு புரதமுள்ள சரக்கில் நூறு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ மெலமினைக் கலந்தால் போதும், 75 என்று காட்டும். இந்த 75 நான் வசதிக்காகத் தேர்ந்த எண் இல்லை. கெம்நியூட்ரா ஒப்பந்தத்தில் கேட்டிருந்த குறைந்தபட்சப் புரதம் அதுதான் என்று பின்னாளில் அமெரிக்கக் குற்றப்பத்திரிகை சொன்னது.

நம் ஊரிலும் இது புதிய வித்தை அல்ல. தவிட்டிலும் மீன் தூளிலும் யூரியா கலப்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய மோசடி. அதனால்தான் தீவன ஆலைகளில் யூரியாச் சோதனை வழக்கமாக இருக்கிறது. அந்தச் சோதனை மெலமினைக் காட்டாது. கலப்படக்காரர் எப்போதும் சோதனைக்கு ஒரு படி முன்னால் போய்க்கொண்டிருப்பார். முந்தைய சோதனையே அவருக்கு வழி சொல்லித் தந்திருக்கும்.

2007 மே மாதம் இன்னொரு சங்கதி வெளிவந்தது. குளூட்டன் என்று எழுதி வந்த சாக்குகளில் இருந்தது குளூட்டனே இல்லை, மெலமின் கலந்த கோதுமை மாவு என்று அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. அதே வசந்தத்தில் வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்த அரிசிப் புரதமும் அதே கோதுமை மாவுதான். இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மெலமினைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டும், சரி. மாவுக்கும் குளூட்டனுக்கும் வித்தியாசம் காண என்ன வேண்டும்? ஒரு கிண்ணம் தண்ணீர். பிசைந்து அலசினால் மாவு வெள்ளையாகக் கரைந்து ஓடும், குளூட்டன் கையில் நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அரிசிக்கும் கோதுமைக்கும் மாவுச்சத்து மணிகளின் அளவே வேறு. இத்தனை டன் சரக்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் வாங்கப்பட்டது பொருள் அல்ல, ஓர் எண்.

விலங்குகள் இறந்ததற்கு மெலமின் மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாகத் தின்றால் அதன் நச்சுத்தன்மை குறைவு. சரக்கில் மெலமினின் உறவுப் பொருளான சயனூரிக் அமிலமும் இருந்தது. இரண்டும் சிறுநீரகத்தில் சந்தித்ததும் கரையாத படிகங்களாக மாறி நுண்குழாய்களை அடைத்தன. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பூனைகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. சேர்த்துக் கொடுத்தபோது சிறுநீரகம் செயலிழந்தது. தூய மெலமினைக் கலந்திருந்தால் இத்தனை சாவு இருந்திருக்காது, ஒருவேளை கண்டுபிடிக்கவும் பட்டிருக்காது. கலப்படத்திலும் மலிவு தேடியதுதான் காட்டிக்கொடுத்தது: மெலமின் ஆலையின் கழிவில் இந்த உறவுப் பொருள்களெல்லாம் சேர்ந்தே இருக்கும். அந்தக் கழிவைத் தீவனத்தில் கலப்பது நெடுநாள் வழக்கம் என்று சீன வியாபாரிகள் சிலர் அப்போது பத்திரிகையாளர்களிடம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்கள்.

தாள்கள் சொன்னதும் சொல்லாததும்

ஏற்றுமதி இறக்குமதியில் இருப்பவர்கள் இந்த வழக்கில் கட்டாயம் பார்க்க வேண்டிய பகுதி ஆய்வகம் அல்ல, கப்பல் தாள்கள். 2008 பிப்ரவரி 6 அன்று மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் குற்றப்பத்திரிகை வெளியானது. ஷூஜோவ் அன்யிங், கெம்நியூட்ரா, அதன் உரிமையாளர்களான தம்பதியர் ஆகியோருடன் இன்னொரு பெயரும் அதில் இருந்தது: சூஜோவ் என்ற வேறொரு நகரின் ஓர் ஏற்றுமதி நிறுவனம். அதன் பெயரிலேயே துணி, பட்டு, கைவினைப் பொருள் என்று நீண்ட பட்டியல் உண்டு. தீவனமும் இல்லை, உணவும் இல்லை.

ஏற்றுமதிக்கு முந்தைய கட்டாய அரசுப் பரிசோதனைக்கு உட்படாத சரக்கு என்று அந்த நிறுவனம் சீன அதிகாரிகளிடம் பொய்யாக அறிவித்து அனுப்பியது என்பது குற்றச்சாட்டு. விளைவாக, 13 தவணைகளும் சீனாவில் அந்த அரசுப் பரிசோதனை இல்லாமலே கப்பல் ஏறின.

பட்டும் துணியும் விற்கும் நிறுவனத்தின் பெயர் குளூட்டன் ஏற்றுமதித் தாளில் ஏன் வருகிறது என்ற ஒற்றைக் கேள்வி போதுமாயிருந்திருக்கும். நியாயமான பதிலும் இருக்கலாம். சிறிய ஆலைகள் ஏற்றுமதி உரிமம் உள்ள வேறு நிறுவனத்தின் பெயரில் அனுப்புவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. ஆனால் அப்படி நடக்கும்போது பரிசோதனைச் சான்றிதழ் யார் பெயரில், எந்தச் சுங்க வகைப்பாட்டு எண்ணின் கீழ் வாங்கப்பட்டது என்று பார்த்தாக வேண்டும். தாளில் பெயர் மாறும் இடத்தில் பொறுப்பும் கைமாறுகிறது. இரண்டு பெயர்களுக்கு நடுவே விழுந்த பொறுப்பை யாரும் குனிந்து எடுப்பதில்லை.

மற்றத் தாள்கள் எதையும் பிடிக்கக் கட்டமைக்கப்பட்டவையே அல்ல. கன்டெய்னரை ஏற்றிக்கொண்டதற்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கப்பல் நிறுவனம் "இருப்பதாகச் சொல்லப்படுகிறது" என்ற வாசகத்தைப் போட்டுத் தன் கையைக் கழுவிக்கொள்கிறது. ஏற்றியதும் எண்ணியதும் அனுப்பியவர். சீல் உடையாமல் கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலை. லெட்டர் ஆஃப் கிரெடிட் (வாங்குபவர் சார்பில் வங்கி தரும் பண உறுதி) போட்டால் வங்கி காக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. வங்கி பார்ப்பது தாள்களை, சரக்கை அல்ல. கடல் காப்பீடு? மிக விரிந்த பாதுகாப்பு தரும் பாலிசி வகையிலேயே, சரக்கின் உள்ளியல்பான குறைக்கு இழப்பீடு இல்லை என்று விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஏற்றும் துறைமுகத்துச் சான்றிதழே இறுதி என்று எழுதிக்கொள்ளும் வழக்கமும் தீவன வணிகத்தில் இருக்கிறது. விற்பவருக்கு இனிப்பான ஷரத்து. இரண்டு வியாபாரிகளுக்கு இடையே அது செல்லும். சரக்கை அரசு தடுத்து நிறுத்தும்போது அந்த ஷரத்தை யாரிடம் நீட்டுவது?

ஷூஜோவ் அன்யிங் கொடுத்த பகுப்பாய்வுச் சான்றிதழில் எந்த மாசும் இல்லை என்றே இருந்தது என்று கெம்நியூட்ரா சொன்னது. அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சான்றிதழில் நான்கு வரி கேட்டால் அந்த நான்கு வரிக்குத்தான் விடை வரும்.

இழப்பின் அளவு

நுகர்வோர் அளித்த புகார்களின்படி சுமார் 1,950 பூனைகளும் 2,200 நாய்களும் இறந்தன. இவை தனித்தனியாகச் சரிபார்க்கப்பட்ட எண்கள் அல்ல. விலங்கு உரிமையாளர்களின் கூட்டு வழக்கில் 2,40,00,000 டாலர் தர நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. சரக்கின் பில் மதிப்பைப் போல் 28 மடங்கு. திரும்பப் பெற்ற செலவும் போன பெயரும் அதற்கு மேல். கெம்நியூட்ராவும் தம்பதியரும் 2009 இல் சிறிய குற்றங்களை ஒப்புக்கொண்டு அபராதத்தோடும் நன்னடத்தைக் கண்காணிப்போடும் தப்பினர்.

உணவு ஆலைகளின் மிச்சம் மீதி பன்றிக்கும் கோழிக்கும் போயிருந்தது. இந்தியானா மாநிலத்தில் மட்டும் லட்சக்கணக்கான இறைச்சிக் கோழிகள் அதைத் தின்று, விஷயம் தெரிவதற்குள் விற்பனையும் ஆகிவிட்டன. மனிதருக்கு ஆபத்து மிகக் குறைவு என்று அமெரிக்க அதிகாரிகள் கணித்தார்கள். அடுத்த ஆண்டே, 2008 இல், அதே மெலமின் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் வந்தது: ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்.

ஏற்றுமதியாளர் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறு ஒரு கணக்கு. 2007 ஏப்ரலில் அமெரிக்கா பிறப்பித்த ஆணை ஷூஜோவ் அன்யிங்கோடு நிற்கவில்லை. சீனாவிலிருந்து வரும் தாவரப் புரதம் எல்லாமே, சோதித்துச் சுத்தம் என்று நிரூபிக்கும்வரை துறைமுகத்தில் நிறுத்தப்படும் என்றது. நேர்மையாகக் குளூட்டன் செய்து விற்ற ஆலைகளும் அதில் மாட்டின. இது நமக்கும் நடந்திருக்கிறது, அதுவும் சீனாவின் கையால். 2012 இல் மாலகைட் கிரீன் என்ற சாயத்தைக் கண்டதாகச் சொல்லி இந்தியக் கடுகுப் புண்ணாக்கை அது தடை செய்தது. தடை 2018 இல்தான் நீங்கியது, அதுவும் முதலில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களுக்கு மட்டும். சரக்கில் நாட்டின் பெயர் அச்சாகியிருக்கும்போது, பக்கத்து ஆலையின் குற்றத்துக்கு நம் கன்டெய்னரும் துறைமுகத்தில் நிற்கும்.

விற்பவர் மேசையில்

2011 இல் அமெரிக்காவில் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், வெளிநாட்டு சப்ளையரைச் சரிபார்க்கும் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைத்தது. விலங்குத் தீவனமும் அதில் அடக்கம். அதனால் இன்று வாங்குபவரிடமிருந்து நீண்ட கேள்வித்தாள் வருகிறது. அதை எரிச்சலோடு நிரப்பி அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். என் கருத்து வேறு. மெலமினுக்கு சர்வதேச உணவு நெறிக்குழு 2010 இல் வைத்த வரம்பு, தீவனத்துக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். வாங்குபவர் கேட்காவிட்டாலும் அந்த வரியை நாமே ஒப்பந்தத்தில் எழுதிச் சோதித்துக் கொடுப்பது நல்லது. நைட்ரஜன் கணக்கில் வரும் மொத்தப் புரதத்தோடு, புரதம் அல்லாத நைட்ரஜனை நீக்கி அளந்த உண்மைப் புரதத்தையும் தனி வரியாகக் கொடுக்கலாம்; அமினோ அமிலப் பகுப்பாய்வு விலை அதிகம்தான், எல்லா லாட்டுக்கும் வேண்டாம், புதிய ஆலையிலிருந்து வாங்கும் முதல் சில லாட்டுகளுக்குப் போதும். வழக்கமான சப்ளையரைவிட மலிவாக ஒருவர் அதே புரதத்தைத் தருகிறேன் என்று வந்தால், அந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் திருப்தியான பிறகே லாரியை இறக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் நாம் ரொம்ப அலட்சியம். ஆலையின் வாசலில் இருக்கும் இரண்டு மூட்டைகளில் ஒரு கை அள்ளிப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்த இரண்டு மூட்டைகளுக்குத்தான் சான்றிதழ் கிடைக்கும். லண்டன் தானிய, தீவன வணிகச் சங்கமான காஃப்டாவின் மாதிரி விதிகளைப் படித்தால், எத்தனை இடத்தில் குத்தி எடுப்பது, எப்படிக் கலந்து பிரிப்பது, யார் முன்னிலையில் சீல் வைப்பது என்று வழக்குப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுதியது புரியும். கன்டெய்னரில் ஏற்றும்போதே, இருதரப்புக்கும் பொதுவான ஆய்வாளர் கையால் எடுத்துச் சீல் வைத்த மாதிரி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். சரக்கு தின்று தீரும்வரை அல்ல, அதற்குப் பிறகும். 2004 இல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் கூட்டமாகச் சிறுநீரகம் கெட்டுச் செத்தபோது, பூஞ்சண நஞ்சு என்று தீர்ப்பு எழுதி மூடிவிட்டார்கள். எடுத்து வைத்திருந்த பழைய திசுக்களை 2007 இல் மறுபடி பார்த்தபோது அதே மெலமின் படிகங்கள். மூன்று வருடப் பழைய மாதிரி பேசியது.

ஈரத்தையும் கன்டெய்னர் வியர்வையையும் நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஒப்பந்த வரம்புக்கு ஒரு புள்ளி கீழே ஈரப்பதத்தை நிறுத்துவது, தரைப் பலகை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, சுவருக்குத் தாள் ஒட்டுவது, ஈர உறிஞ்சிப் பைகளைத் தொங்கவிடுவது இவையெல்லாம் தூத்துக்குடியில் எந்த ஏற்றுமதி மேற்பார்வையாளருக்கும் கைப்பழக்கம். ஏற்றும்போது மூட்டைகளைப் பார்க்கிற அதே கண்ணை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

ஏனென்றால் இந்த வழக்கின் அடுத்த பாகம் அப்படித்தான் தொடங்கியது. அரிசிப் புரதத்தை இறக்குமதி செய்த சான் பிரான்சிஸ்கோவின் வில்பர்-எல்லிஸ் நிறுவனத்துக்கு, 2007 ஏப்ரலில், ஷாண்டோங் மாகாணத்தின் பின்ஜோவ் ஃபுடியன் ஆலையிலிருந்து ஒரு டன் எடையுள்ள 146 பெரும்பைகள் வந்தன. 145 பைகள் வெள்ளை. ஒன்று இளஞ்சிவப்பு, அதன் மேல் "மெலமின்" என்று அச்சு. அந்தப் பையைத் தனியே ஒதுக்கிச் சோதித்தார்கள்; மெலமின் இருந்தது. நிறுவனம் எடுத்த வெள்ளைப் பை மாதிரிகளில் ஒன்றும் தெரியவில்லை. கிழிந்த பைக்குப் பதிலாக வேறு பை மாற்றினோம், அவ்வளவுதான் என்று ஆலை விளக்கம் சொன்னது. அரிசிப் புரதம் செய்யும் ஆலையில் மெலமின் பை கைக்கெட்டும் தூரத்தில் ஏன் கிடந்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. ஏப்ரல் 15 அன்று வில்பர்-எல்லிஸ் அமெரிக்க நிர்வாகத்துக்குத் தகவல் சொன்னது. முந்தைய ஜூலை முதல் அதே ஆலையிலிருந்து மொத்தம் 14 கன்டெய்னர்கள் வந்து இறங்கியிருந்தன.